‘யானை தாக்கும் படைக்கு ஒரு பகடை குறையும்’ - எந்தப் படைக்கு?

வட்டப்பகடை:

போன ஆட்டத்தில் தோற்றது எனக்குப் பெரிய வருத்தமில்லை. எப்படித் தோற்றேன் என்று இன்னும் புரியாததுதான் வருத்தம். நாம் எல்லாரும் மேஜையில் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் அந்தப் பழங்காலப் போர் ரூல்ஸில் யானைப் படையின் அட்டையை அப்படியே தருகிறேன். பாயிண்ட் என்பது அந்தப் படையை எடுக்க ஆகும் விலை.

யானைப் படை, 50 பாயிண்ட். நகர்வு 8 அங்குலம். தாக்குதல் 5 பகடை. 4, 5, 6 விழுந்தால் அடி. யானையை அடிக்க 5 அல்லது 6 விழ வேண்டும். தாங்கும் அடி 5. யானை தாக்கும் படைக்கு ஒரு பகடை குறையும். மதம்: மூன்று அடி வாங்கிய யானைக்கு ஒரு பகடை உருட்டவும். 1, 2 விழுந்தால் மதம் பிடிக்கும். மதம் பிடித்த யானை அருகிலுள்ள படையை நோக்கி ஓடும். வழியில் படும் படைக்கு 3 பகடைத் தாக்குதல்.

நடந்தது இது. எதிராளியின் யானை என் ஈட்டிப் படைமீது பாய்ந்தது. எனக்கு நாலு பகடை, ஒன்று குறைத்து மூன்று உருட்டினேன். சரி. அடுத்த சுற்றில் என் இரண்டாவது ஈட்டிப் படையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து நானே யானையைத் தாக்கினேன். நாலு பகடையைக் கையில் எடுத்ததும், ‘ஒன்றைக் கீழே வை, இப்போது நீ யானை தாக்கும் படை’ என்கிறார் எதிராளி. வாதாடிப் பார்த்துவிட்டு வைத்தேன். எப்படியோ மூன்றாவது அடி விழுந்தது. மதப் பகடையில் 2. நான் துள்ளிக் குதித்தேன். அவர் நிதானமாக, ‘அருகிலுள்ள படை உன்னுடையதுதான், ஒட்டிக்கொண்டு நிற்கிறாயே’ என்று இன்னும் மூன்று பகடையை என் தலையில் இறக்கினார். நான் அடித்து அவர் யானைக்கு மதம் பிடித்தது, அதற்கும் நானே உதை வாங்கினேன்.

இந்த யானை 50 பாயிண்டுக்கு அநியாயமாக இல்லையா? 70 ஆவது வைக்க வேண்டாமா?

பசைவிரல்:

யானையைப் பிடித்து அடித்தது நீங்கள். யானை என்ன பண்ணும், பாவம்.

மூன்றாம்வரிசை:

ரூல்ஸை எழுதியவன் நான் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எழுதும்போது எனக்கு இதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. யானை பாய்ந்து வரும்போது எதிரில் நிற்பவன் கை நடுங்கும், அதனால் ஒரு பகடை குறைவு. அவ்வளவுதான் நினைத்தது. யானையைத் தேடிப்போய்ப் பக்கத்தில் குத்துகிறவனுக்கு எதற்குக் குறைய வேண்டும்? தம்பியின் எதிராளி வாசித்த விதம் தவறு.

ஒற்றுமிகும்:

அண்ணா, அவர் வாசித்த விதத்தில் இலக்கணப்படி தவறே இல்லை. ‘மாடு மேய்க்கும் பையன்’ என்கிறோம். மாடா பையனை மேய்க்கிறது? மாட்டை மேய்க்கும் பையன், ‘ஐ’ தொக்கி நிற்கிறது. அஃறிணைப் பெயருக்கு இது சர்வ சாதாரணம். ஆக ‘யானை தாக்கும் படை’ என்றால் யானை எந்தப் படையைத் தாக்குகிறதோ அந்தப் படை என்றும் எடுக்கலாம், யானையைத் தாக்குகிற படை என்றும் எடுக்கலாம். வல்லினம் மிகுமா மிகாதா என்று பார்த்தும் தப்பிக்க முடியாது, இரண்டு பொருளிலும் மிகாது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், இது நம்மவர்களுக்குப் பழைய தலைவலி. தொல்காப்பியத்தில் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று இதற்கே ஒரு நூற்பா உண்டு. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் உதாரணம் என்ன தெரியுமா? ‘புலிகொல் யானை.’ புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்பதே தெரியாது. அங்கேயும் யானைதான் மாட்டிக்கொண்டு முழிக்கிறது.

பசைவிரல்:

பெயின்ட் அடிக்க உட்காரும் முன் எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம். செத்த யானைக்குக் கண் திறந்து வைத்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:

இலக்கணம் இருக்கட்டும், இதனால் மேஜையில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்ப்போம். ஓர் ஈட்டிப் படை (20 பாயிண்ட், 4 பகடை, தாங்கும் அடி 4), ஒரு யானை, நேருக்கு நேர், இரண்டு சுற்று. இரண்டு சுற்று ஏன் என்றால் அதற்குமேல் ஈட்டி பெரும்பாலும் நிற்காது: யானைக்குப் பத்துப் பகடை, அதில் நாலோ அதற்கு மேலோ அடி விழ 83 சதவீத வாய்ப்பு.

அந்த இரண்டு சுற்றில் யானைமேல் மூன்று அடியாவது விழ வேண்டும், அப்போதுதான் மதப் பகடைக்கே பேச்சு. பகடை குறையவே குறையாது என்றால் ஈட்டிக்கு மொத்தம் 8 பகடை, வாய்ப்பு 53 சதவீதம். பாய்கிற சுற்றில் மட்டும் குறைந்தால் 7 பகடை, 43 சதவீதம். இரண்டு சுற்றிலும் குறைந்தால் 6 பகடை, 32 சதவீதம். ‘ஐ’ விட்டுப்போனதற்கு விலை பதினொரு சதவீதம். ஒற்றுமிகும் அக்கா கூலி கேட்கலாம்.

ஆனால் எனக்கு உறுத்துவது மதம்தான். 43-இல் மூன்றில் ஒரு பங்கு என்றால் 14 சதவீதம். அதாவது இப்படிப்பட்ட மோதல் ஏழு நடந்தால் ஒன்றில்தான் மதம் பிடிக்கும். எதிராளியின் வாசிப்புப்படி ஒன்பதில் ஒன்று. அபூர்வமாக வருகிற ஒன்று. அப்படி வரும்போதும் நஷ்டம் எதிரிக்குத்தான் என்றால், அந்த ரூல் அட்டையில் எதற்கு இருக்கிறது?

குதிரைவாலி:

நான் சொல்ல வந்ததைக் கணக்குப்பிள்ளை பாதி சொல்லிவிட்டார். யானையின் விலை ஏன் 70 இல்லாமல் 50? மதம் பிடித்தால் சொந்தப் படையையே மிதிக்கும், அந்த ஆபத்துக்காகத்தான் 20 பாயிண்ட் தள்ளுபடி. நாம் ‘அருகிலுள்ள படை’ என்பதை ‘அருகிலுள்ள எதிரி’ என்று வாசித்துவிட்டு, தள்ளுபடியையும் வாங்கிக்கொண்டு ஆபத்தையும் எதிரியிடம் தள்ளிவிட்டோம். ‘எதிரி’ என்று வாசிக்காவிட்டாலும் கதை அதேதான். மோதலின் நடுவில் இருக்கும் யானைக்கு மிக அருகில் நிற்பவன் எப்போதும் எதிரிதானே, பேஸோடு பேஸ், அதாவது பொம்மை நிற்கும் அடித்தட்டோடு அடித்தட்டு, ஒட்டி நிற்கிறானே.

வட்டப்பகடை, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி இல்லை. ரூல் தெளிவாக இல்லை என்பதும் யானை மலிவு என்பதும் ஒரே புகார்தான். வாக்கியத்தைச் சரிசெய்யாமல் பாயிண்டைத் தொடாதீர்கள்.

வட்டப்பகடை:

இப்படி யோசிக்கவில்லை. ஆனால் பாயிண்டை ஏற்றுவது சுலபம் இல்லையா? ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

கணக்குப்பிள்ளை:

சுலபம்தான். ஆனால் 70 ஆக்கினாலும் உங்கள் எதிராளி அதே வாதத்தைத்தான் செய்வார். வார்ஹாமர் 40,000 என்ற பொம்மைப் போர் விளையாட்டின் பத்தாம் பதிப்பு 2023 ஜூனில் வந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ‘டெவஸ்டேட்டிங் வூண்ட்ஸ்’ என்று ஒன்று. காயப் பகடையில் 6 விழுந்தால் அந்தச் சேதம் அப்படியே தடுக்க முடியாத ‘மார்ட்டல் வூண்டாக’ மாறி, ஒரு சிப்பாய் விழுந்தபின் மிச்சம் அடுத்தவன்மேல் வழிந்து ஓடும். பெரிய பீரங்கி ஒன்றுக்கு 6 விழுந்தால் ஒரு படையே பாதி காலி. அந்தச் செப்டம்பரில் பாயிண்டை மட்டும் மாற்றி விட்டுவிடவில்லை, ரூலின் வாசகத்தையே மாற்றினார்கள்: தடுப்புப் பகடை கிடையாது, ஆனால் சேதம் வழியாது. வழிகிற வரைக்கும் எந்த விலை வைத்தாலும் ஒருவருக்கு மலிவு, இன்னொருவருக்குக் கொள்ளை என்றுதான் இருந்திருக்கும்.

மூன்றாம்வரிசை:

ஒரு நிமிடம். மதம் அடிக்கடி பிடிக்கக் கூடாது என்றுதான் மூன்று அடி என்று வைத்தேன். கூட்டமாக அம்பு பட்டும் கால் ஊன்றி நிற்கும் களிறு என்று குறளே சொல்கிறது. இரண்டு குத்து வாங்கியதும் புறமுதுகு காட்டும் யானையை நான் மேஜையில் வைக்கமாட்டேன்.

ஒற்றுமிகும்:

நீங்கள் சொல்வது 597. ஊக்கமுடைமை அதிகாரம், மனிதனின் ஊக்கத்துக்கு உவமை. அதே அதிகாரத்தில் இரண்டு குறள் தள்ளி 599-ஐயும் பாருங்கள் அண்ணா: பருத்த உடம்பும் கூரிய கொம்பும் இருந்தாலும் புலி தாக்கினால் யானை அஞ்சும்.

மூன்றாம்வரிசை:

ஒரே அதிகாரத்தில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார். ரூல்ஸ் எழுத ஏற்ற ஆள்தான்.

குதிரைவாலி:

வள்ளுவரை விடுங்கள், போர்க்களத்தைப் பார்ப்போம். கி.மு. 326, ஹைடஸ்பஸ் ஆற்றங்கரை. அலெக்சாண்டரை எதிர்த்த போரஸின் யானைகள் நெருக்கிப் பிடிக்கப்பட்டு, பாகன்களும் விழுந்தபின், எதிரி சொந்தக்காரன் என்று பார்க்காமல் மிதித்தன. கி.மு. 217, ரஃபியா. எகிப்து மன்னன் தாலமியின் ஆப்பிரிக்க யானைகள் எதிரே நின்ற இந்திய யானைகளின் வாடைக்கும் பிளிறலுக்குமே மிரண்டு பின்வாங்கித் தம் காவல்படை வரிசையைக் குலைத்தன என்கிறார் வரலாற்றாசிரியர் பாலிபியஸ். கி.மு. 202, ஸாமா. ரோமானியரை எதிர்த்த கார்த்தேஜ் தளபதி ஹானிபலிடம் எண்பதுக்கு மேல் யானை. கொம்பும் எக்காளமும் ஊதிய சத்தத்தில் சில திரும்பி ஓடி, தம் பக்கத்து நுமிடியக் குதிரைப் படைக்குள்ளேயே புகுந்தன. மூன்று இடத்திலும் ‘அருகிலுள்ள படை’ யாருடையது?

ஆனால் ஒன்று, நான் குதிரைக்காரன் என்பதால் யானைக்கு எதிராக மட்டும் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். யானையின் உண்மையான பலம் மிதிப்பதில் இல்லை. கி.மு. 301-இல் இப்ஸஸ், அலெக்சாண்டருக்குப் பின் அவன் தளபதிகள் தமக்குள் மோதிய போர். செல்யூக்கஸ் பக்கம் நானூறு யானை என்று புளூட்டார்க் எழுதுகிறார். எதிர்ப்பக்கத்து டெமட்ரியஸ் குதிரைப் படையோடு எதிரியைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டான். திரும்பி வரப் பார்த்தால் நடுவில் யானைகள். அப்பன் ஆன்டிகோனஸ் அந்தப் பக்கம் தனியாக நின்று செத்தான், மகனால் கிட்டே வர முடியவில்லை. யானைகள் யாரையும் பெரிதாக மிதிக்கக்கூட இல்லை, குறுக்கே நின்றன, அவ்வளவுதான். நம் அட்டையில் இதற்கு ஒரு வரி இல்லை! 4 அங்குலத்துக்குள் யானை இருந்தால் குதிரை அதை நோக்கிப் பாய முடியாது என்று சேருங்கள். என் படைக்குத்தான் நஷ்டம், ஆனாலும் சொல்கிறேன்.

பசைவிரல்:

எழுதிக்கொள்ளுங்கள், குதிரைக்காரர் தானாக வந்து கடிவாளம் கேட்ட நாள் இது.

மூன்றாம்வரிசை:

குதிரை வரி நல்ல யோசனை, சேர்க்கிறேன். மதம் பற்றியும் ஒத்துக்கொள்கிறேன். என் மனசில் இருந்தது காகிதத்தில் இல்லை. இருந்தாலும் ஒரு கேள்வி. எல்லாவற்றையும் வாக்கியத்தில் அடைக்கத்தான் வேண்டுமா? பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824-இல் கொண்டுவந்த போர் விளையாட்டில் அட்டவணை, அளவு, பகடை எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. 1876-இல் வெர்டி து வெர்னுவா வந்து, இதெல்லாம் எதற்கு, அனுபவமுள்ள ஒரு நடுவர் தீர்ப்பு சொன்னால் போதும் என்றார். எனக்கு அவர் கட்சி பிடிக்கும்.

வட்டப்பகடை:

அண்ணா, அங்கே நடுவர் ராணுவ அதிகாரி, ஆடுகிறவர்களும் அதிகாரிகள். இங்கே மேஜையில் நானும் எதிராளியும் மட்டும்தான். நடுவராக மூன்றாவது ஆள் இருந்தால் அவருக்கும் ஒரு படையைக் கொடுத்து ஆடவிட்டிருப்போம்.

கணக்குப்பிள்ளை:

அதோடு, நடுவர் இல்லாத மேஜையில் தெளிவில்லாத ரூல் குரல் பெரிய ஆளின் பக்கம்தான் சாயும். அதைப் பாயிண்டில் கணக்குப் போட முடியாது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ‘மூன்று அடி வாங்கிய யானைக்கு’ என்றால் மூன்றாவது அடி விழும்போது ஒரே ஒரு தடவையா, மூன்றாவதிலிருந்து ஒவ்வோர் அடிக்குமா? வாங்கிய யானை, வாங்கியது வாங்கியதுதான், பிறகும் அது மூன்று அடி வாங்கிய யானையாகவேதான் இருக்கிறது. ஒரு தடவை என்றால் மேலே சொன்ன 14 சதவீதம். ஒவ்வோர் அடிக்கும் என்றால் 18. இரண்டாவதை எடுப்போம் என்பது என் கட்சி. ஐந்து அடியில் விழப்போகும் மிருகம் நாலாவது அடியில் அமைதியாக இருக்காது.

உளிச்சத்தம்:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு விஷயம் சேர்க்கலாமா? கி.மு. 207, மெட்டாரஸ் போர். ஹானிபலின் தம்பி ஹஸ்த்ருபாலின் யானைகளில் எதிரி கொன்றதைவிடப் பாகன்கள் கொன்றது அதிகம் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி. ஒவ்வொரு பாகனிடமும் ஓர் உளியும் சுத்தியலும் இருக்கும். யானை கட்டுக்கடங்காமல் சொந்தப் படைக்குள் புகப் பார்த்தால், கழுத்தும் தலையும் சேரும் இடத்தில், இரண்டு காதுக்கும் நடுவே உளியை வைத்து ஓங்கி ஒரே அடி. அதை ரூலாக வைத்தால் ஆடுகிறவருக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும். வெறும் பகடையாக இருக்காது.

மூன்றாம்வரிசை:

இதுதான் வேண்டும். இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

சரி, மாற்றி எழுதியிருக்கிறேன். கிழியுங்கள்.

பாய்ச்சல்: யானை எந்தப் படையின் மீது பாய்கிறதோ அந்தப் படைக்கு, பாய்ந்த சுற்றில் மட்டும், ஒரு பகடை குறையும். யானையைத் தாக்கப் போகிறவருக்குக் குறையாது.

மதம்: மூன்றாவது அடிக்கும், அதற்குப் பின் விழும் ஒவ்வோர் அடிக்கும், ஒரு பகடை. 1 அல்லது 2 விழுந்தால் மதம். உடனே திசைப் பகடை: 1 முதல் 4 வரை பின்புறம், 5 அல்லது 6 முன்புறம். யானை அந்தத் திசையில் நேர்கோட்டில் 8 அங்குலம் ஓடும். ஓடும்போது அதன் பேஸ் தொடும் ஒவ்வொரு படைக்கும், சொந்தமோ எதிரியோ, 3 பகடைத் தாக்குதல். ஓடி முடித்ததும் யானையை மேஜையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

உளி: மதம் பிடித்தது தெரிந்தபின், திசைப் பகடை உருட்டும் முன், யானைக்குச் சொந்தக்காரர் அதைக் கொன்றுவிடலாம். யாருக்கும் அடி இல்லை.

குதிரை: யானைக்கு 4 அங்குலத்துக்குள் வந்த குதிரைப் படை அந்த யானையை நோக்கிப் பாய முடியாது.

பாயிண்ட் 50-தான். இப்போதைக்கு.

ஒற்றுமிகும்:

‘எந்தப் படையின் மீது பாய்கிறதோ அந்தப் படைக்கு.’ நீளம்தான், ஆனால் இனி உரைகாரர் தேவையில்லை.

குதிரைவாலி:

ஸாமாவில் ரோமத் தளபதி சிப்பியோ வரிசைகளுக்கு நடுவே சந்து விட்டு நிறுத்தினாரே, யானை அந்தச் சந்து வழியே போகும்படி? அதற்கு ஒரு வரி வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:

வேண்டாம். மதம் பிடித்த யானை நேர்கோட்டில் ஓடும், பேஸ் தொட்டால்தான் அடி. யானையின் பேஸ் அகலத்துக்கு நீங்களே சந்து விட்டுப் படையை நிறுத்தினால் அது பாட்டுக்குப் போய்விடும். அந்தச் சந்துக்குள் குதிரை புகுந்து உங்கள் பக்கவாட்டைக் கடித்தால் அது உங்கள் பாடு.

வட்டப்பகடை:

ஆடிப் பார்த்துவிட்டோம். அதே எதிராளி, மூன்று ஆட்டம். முதல் இரண்டில் மதம் பிடிக்கவே இல்லை, யானை வழக்கம்போல ஈட்டியைத் தின்றது. இரண்டாவதில் என் குதிரைகள் யானைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு கடைசிவரை வேடிக்கை பார்த்தன. குதிரைவாலிக்கு நன்றி சொல்வதா திட்டுவதா தெரியவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில்தான் விஷயம். யானைக்கு நாலாவது அடி, பகடையில் 1. மதம். யானைக்குப் பின்னால் நாலு அங்குலத்தில் அவருடைய சேனாதிபதியின் காவல்படை, 45 பாயிண்ட், ஏற்கெனவே இரண்டு அடி வாங்கியது. முன்னால் என் ஈட்டி, உயிர் ஊசலாடிக்கொண்டு. திசைப் பகடையைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். அட்டையை மறுபடி வாசித்தார். யானையின் முதுகில் விரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிடமாவது உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒன்றும் சொல்லாமல் யானையைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த இரண்டு சுற்றில் அந்தக் காவல்படை வந்து என்னை முடித்துவிட்டது. மறுபடியும் தோற்றேன். ஆனால் இந்தத் தடவை எப்படித் தோற்றேன் என்று தெரியும்.

உளிச்சத்தம்:

அவர் உருட்டியிருந்தால் மூன்றில் ஒரு வாய்ப்பு உங்கள் ஈட்டிமேல். நானாக இருந்தால் உருட்டியிருப்பேன்.

கணக்குப்பிள்ளை:

நீங்கள் தோற்றிருப்பீர்கள். மீதி இரண்டு பங்கு வாய்ப்பில் காவல்படைமேல் மூன்று பகடை.

வட்டப்பகடை:

கடைசியாக ஒன்று. இரண்டாவது ஆட்டத்தில் யானை பாயும்போது, அதன் தும்பிக்கை பேஸுக்கு வெளியே ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. தும்பிக்கை என் படையைத் தொட்டுவிட்டது, பேஸ் தொடவில்லை. தொட்டதாகக் கணக்கு என்றார். பாய்ச்சல் ரூலில் ‘பேஸ்’ என்ற சொல்லே இல்லை.

மூன்றாம்வரிசை:

ஐயோ.

பசைவிரல்:

அந்த யானையைச் செய்து கொடுத்தது நான்தான். தும்பிக்கையைச் சுருட்டி வைத்து ஒட்டித் தருகிறேன், அதுவரை பேஸை அளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம்வரிசை:

நீ ஒட்டு. நானும் ஒரு வரி எழுதிவிடுகிறேன்: எல்லா அளவும் பேஸின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு. கொம்பு, தும்பிக்கை, வால், கொடி எதுவும் கணக்கில்லை.